பாலத்துக்கு மார்க்கா குத்திய படலம்

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அங்கே எத்தனை பாலங்கள் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பிடுகிறவர்கள் உண்டு. அது பாமரத்தனம். பாலத்தை ஆடு மாடுகூடக் கடந்துவிடும். அந்தப் பாலத்தைக் கட்டியது யார் என்று விசாரிக்கக் கமிட்டி போடுவதற்குத்தான் மனிதன் வேண்டும்; அதிலும் நாற்காலியில் உட்காரத் தெரிந்த மனிதன் வேண்டும். அப்படிப் பார்த்தால், தாலுகா போர்டுகள் கொடிகட்டிப் பறந்த அந்த நாட்களில், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில் இருந்த தொட்டிமேடு என்ற ஊரைவிட நாகரிகம் முற்றிய ஊர் பூமியில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

தொட்டிமேட்டைக் கானாறு இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. ஒரு கரையில் ரயிலடி, கடைத்தெரு, வீடுகள், போர்டு ஆபீஸ். மறு கரையில் தோல் கிடங்குகளும் அவற்றின் வாசனையும். நடுவில் இரும்புப் பாலம். இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, கைப்பிடி வைத்து, கீழே மரப்பலகை பரப்பிய பாலம். அதை யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாரும் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். அப்படியோர் அறியாமை நிலவிய காலம் அது.

அந்த அறியாமை இருளில் விளக்கேற்றியவர் சாமுவேல். போர்டு ஆபீசில் 'ஆக்டிங்' குமாஸ்தா. ஆக்டிங் என்றால் வேலையை முழுசாகச் செய்யலாம், நாற்காலியில் முழுசாகச் சாயக் கூடாது. அவருடைய மனைவி ஜெயம்மாள் அக்கரையில் வஹாப் சாகிபின் கிடங்கில், சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து ரோமம் பிடுங்கும் வேலை செய்தாள். அவளைப்போல ஒரு பெரும் பெண்கள் கூட்டம் தினமும் பாலத்தைக் கடந்து போய் வந்தது.

ஒருநாள் ஜெயம்மாள் நேரே ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாய்யா, முனியம்மாக்கா கால் பலகைக்குள்ள போய்டுச்சு. முட்டி வரைக்கும். நாலு பேர் புடிச்சு இழுத்தோம்."

"அடி ஜாஸ்தியா?"

"தோலு உரிஞ்சுட்டுது. ஆட்டுத்தோல் உரிக்கப் போனவ தன் தோலை உரிச்சுனு வந்துட்டா. பலகை பூரா மக்கிக் கெடக்குது. மழை வர்றதுக்குள்ள மாத்தலன்னா எவளாவது ஆத்தோட போய்டுவா. நீ போர்டுலதானே கீற? சொல்லேன்."

சாமுவேல் நல்ல மனிதர். சொன்னார். போர்டுப் பிரசிடெண்ட் கோதண்டராம முதலியார் கேட்டார். கேட்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

"பலகை மாத்தணுமா? யாரு பாலம் அது?"

"நம்ம பாலந்தாங்க."

"நம்மன்னா யாருய்யா? கட்டினவன் யாருன்னே தெரியாத பாலத்துல போர்டு போய் ஆணியடிச்சா, நாளைக்கு அவன் வந்து, 'என் பாலத்துல எவன்டா ஆணியடிச்சது?'ன்னு கேப்பான். பதில் சொல்ல நீ இருப்பியா? நீயே ஆக்டிங்."

சாமுவேலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இப்படி ஒரு கோணம் இருப்பது தனக்குத் தோன்றவில்லையே என்று மரியாதையும் உண்டாயிற்று. பிரசிடெண்ட் அத்தோடு விடவில்லை. பாலத்தின் பூர்வோத்தரத்தை ஆராய ஒரு கமிட்டி. கட்டியவர் யார் என்று முடிவானதும் அவர் பெயரைப் பொறித்துப் பாலத்து முகப்பில் ஒரு கல். கல் நட்ட பிறகு பலகை. முதலில் கல், அப்புறம் பலகை என்ற இந்த வரிசைக்குப் போர்டு ஏகமனதாகச் சம்மதித்தது. கமிட்டியின் காரியதரிசி சாமுவேல். காரியம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்றும் பிரசிடெண்ட் வாய்மொழியாக அருளினார்.

கல்லில் பெயர் வரப்போகிறது என்ற செய்தி பரவியதுதான் தாமதம், அதுவரை அநாதையாகக் கிடந்த பாலத்துக்கு மூன்று தகப்பன்மார் முளைத்துவிட்டார்கள். முதலாமவர், கமிட்டியின் தலைவரான பிரசிடெண்டின் பாட்டனார். இரண்டாமவர், கமிட்டி அங்கத்தினரான வஹாப் சாகிபின் தகப்பனார். மூன்றாமவர், இன்னொரு அங்கத்தினரான உபதேசியார் இருதயராஜின் மாதா கோயிலில் முன்னொரு காலத்தில் இருந்த சாமியார். மூவரும் காலமாகிவிட்டபடியால் குறுக்கு விசாரணைக்கு வசதியாக இருந்தது.

முதல் கூட்டம் பிரசிடெண்ட் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அங்கேதான் முதல் சான்றும் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டனாரின் படம். தலைப்பாகை கட்டிய பெரியவர் வலது கை விரலை எங்கேயோ நீட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த விரல் எங்க போகுதுன்னு பாருங்க," என்றார் பிரசிடெண்ட். "நேரா கானாறு. கட்டுங்கடா பாலம்னு உத்தரவு போடுற விரல் அது."

"போன வருஷம் கல்யாணத்துக்கு வந்தப்போ இந்தப் படம் எதிர்ச் சுவத்துல இருந்துதே முதலியாரே," என்றார் வஹாப் சாகிப். "அப்போ சமையல்கட்டைக் காட்டினு இருந்தாரு."

"ஆணி லூசாயிடுச்சு. மாத்தினோம்."

"நம்ம சான்று ஆணியில எல்லாம் தொங்காது," என்றார் சாகிப். "பாலத்துக்கிட்ட போய் மோந்து பாருங்க. தோல் வாசனை. தோல் வியாபாரி கட்டின பாலத்துலதான் தோல் வாசனை வரும். எங்க அத்தா, தோல் பதம்போடுற ஆவாரம் பட்டை வண்டி வர்றதுக்காகக் கட்டினது."

"ஊரே அந்த வாசனைதானே பாய் அடிக்குது?" என்றார் பிரசிடெண்ட்.

"அப்போ ஊரையும் அத்தாதான் கட்டினாருன்னு வையுங்களேன். நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் பிரசங்கம் என்று அர்த்தம். "பெரியோர்களே, பாலத்தின் பக்கவாட்டைக் கண்திறந்து பாருங்கள். சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே போகிறது. அது என்ன? சிலுவை. ஒன்றல்ல, பாலம் முழுக்கச் சிலுவை. வேறு யார் கட்டியிருப்பார்கள்?"

"சாய்ஞ்ச சிலுவையா இருக்குதே?" என்றார் சாகிப்.

"பாரம் தாங்கினா எதுவும் கொஞ்சம் சாயும்."

"அதையே தலைகீழா நின்னு பாருங்க, நாமம் தெரியும்," என்றார் பிரசிடெண்ட்.

கமிட்டி தலைகீழாக நின்று பார்க்கவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்யவேண்டியிருக்கிறது. நின்றிருந்தால் விஷயம் அன்றே தீர்ந்திருக்கலாம்.

இப்படியே கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. மழைக்காலம் நெருங்கி வந்தது. ஜெயம்மாள் தினமும் வந்து, "பலகை இன்னா ஆச்சு?" என்பாள். சாமுவேல், "விசாரணை மும்முரமா நடக்குது," என்பார். அவள், "பலகை மும்முரமா உளுந்துனு கீது," என்பாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பலகை வீதம் ஆற்றில் விழுந்தது. பெண்கள் தலைச்சுமையோடு, பலகை போன சந்துகளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

கடைசியில் ஒரு வழி சொன்னவர் வஹாப் சாகிப். "நம்ம தொழில்ல இந்தப் பேஜாரே கெடையாது," என்றார். "தோலுக்கு மார்க்கா உண்டு. லண்டன்ல ஏலம் போடுறவன் மாட்டை யார் வளர்த்தான், யார் அறுத்தான்னா கேக்குறான்? மார்க்கா யாருதோ சரக்கு அவனுது. பாலத்துலயும் மார்க்கா தேடுவோம். கெடைச்சா அவங்களுது."

தோல் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் கிடையாது. மற்ற இருவரும் கைதட்டினார்கள். வேலூரிலிருந்து ஓவர்சியர் ஒருவரை வரவழைத்து, திங்கட்கிழமை அவர் முன்னிலையில் மார்க்கா தேடுவது என்று தீர்மானம் ஆயிற்று. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. சரித்திரத்துக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலை பாலத்தின் மேல் ஒரு ஒட்டகமும், ஒரு யானையும், ஒரு புறாவும் நின்றன. தோலுக்குக் குத்தும் அதே சிவப்புச் சாயம். ஒட்டகம் சாகிபின் பரம்பரை மார்க்கா. யானை முதலியார் குடும்பத்துக்கு உரியது என்று அன்றைக்குத்தான் முதலியார் குடும்பத்துக்கே தெரியவந்தது. தும்பிக்கை போட நேரமில்லாததால் அது சற்றுப் பன்றிபோல இருந்தது. புறா சமாதானத்துக்கு அடையாளம். ஒட்டகத்தின் முகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

ஓவர்சியர் மக்பூல் அகமது வெள்ளைச் சட்டைக்காரர், வெட்டுப் பேச்சுக்காரர். கைப்பிடியில் சாய்ந்து ஆற்றை எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது புறா அவர் சட்டைக்கு மாறியிருந்தது.

"உங்க சரித்திரம் இன்னும் காயலையே," என்றார்.

"பழைய சாயமுங்க. அப்பல்லாம் சரக்கு சுத்தம். காயவே காயாது," என்றார் பிரசிடெண்ட்.

சாமுவேல், 'மூன்று சான்றுகளும் ஈரப்பதத்துடன் உயிரோட்டமாக உள்ளன' என்று குறித்துக்கொண்டார்.

மக்பூல் அகமது பாலத்தின் அடியில் இறங்கினார், தட்டினார், தடவினார், மேலே வந்தார். "கட்டினவர் யாருன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றார். "கல்லுக்கு இல்ல, நோட்டீசுக்கு. பலகை பூரா போச்சு. ஆணியெல்லாம் துரு. கட்டினவரோ அவர் வாரிசோதான் செலவு போட்டு சரிபண்ணணும். அதுக்குள்ள யாராவது உளுந்து செத்தா கேஸ் அவங்க மேலதான். மார்க்கா மூணு இருக்குதே, மூணு பேரும் சேர்ந்து கட்டினீங்களா?"

கானாறு சலசலத்தது. மூவரும் அவரவர் மார்க்காவை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

"எங்க பாட்டனாரு பாவம், ரொம்ப எளிமையானவரு," என்று முதலில் வாய் திறந்தவர் பிரசிடெண்ட். "ஒரு திண்ணைகூடக் கட்டினதில்ல."

"அந்த விரலு?" என்றார் சாகிப்.

"அது மோர் கேக்குறாரு. சமையல்கட்டைப் பாத்துனு இருந்த படம்தானே. ஆமா, உங்க தோல் வாசனை இன்னா ஆச்சு?"

"எனக்கு ஒரு மாசமா ஜலதோஷம் முதலியாரே. எது எங்கேர்ந்து வருதுன்னே தெரியல."

"உபதேசியாரே, சிலுவை?" என்றார் பிரசிடெண்ட்.

"கண்ணாடி மாற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்," என்றார் உபதேசியார். "எனக்கு எல்லாமே குறுக்காகத் தெரிகிறது."

பொதுவாழ்வில் இவ்வளவு தன்னடக்கத்தை ஒரே இடத்தில் காண்பது அரிது. மறுநாளே மூன்று தரப்பு ஆட்களும் தோலில் சதை சீவும் கத்திகளோடு வந்து, ஒட்டகத்தையும் யானையையும் புறாவையும் சுரண்டி எடுத்தார்கள். சாயத்தோடு துருவும் பேர்ந்து வந்தது. ஒட்டகத்தின் வயிற்றுக்குக் கீழே இரும்பில் வார்த்த இங்கிலீஷ் எழுத்துக்கள் தெரிந்தன. மக்பூல் அகமது படித்தார்.

"சீமையில ஏதோ ஒரு பட்டறை. அங்க செஞ்சு, துண்டு துண்டாக் கப்பல்ல வந்திருக்கு. இந்த அளவைப் பாத்தா கானாத்துக்குச் செஞ்ச மாதிரியே தெரியல. வேற எந்த ஆத்துக்கோ செஞ்சது. தப்பா இங்க இறக்கிட்டானுங்க போல."

பாலத்தின் பிறப்பைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில் நம்பும்படியாக இருந்தது இது ஒன்றுதான். ஆகவே கமிட்டி அதை உடனே நிராகரித்தது. சீமைக்கு நோட்டீஸ் அனுப்பினால் வாங்குவானா என்று பிரசிடெண்ட் கேட்டார்.

"யோவ் சாமுவேல்," என்று பிரசிடெண்ட் அவரைத் தனியாக அழைத்தார். "ஒரு பேரு வேணும். கட்டினவன் இல்லைன்னு ரிப்போர்ட் போனா போர்டு மேல வந்து உளும். இல்லைன்னு சொல்லத் தெரியாத ஆளாப் பாத்து ஒரு பேரு குடு. குடுத்தேன்னா அன்னிக்கே உன் வேலை நிரந்தரம்."

சாமுவேல் மத்தியான வெயிலில் தனியாகப் பாலத்தில் போய் நின்றார். சுரண்டிய இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது. அப்போதுதான் கைப்பிடிச் சட்டம் அவர் கண்ணில் பட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை வெள்ளையாக உள்ளங்கைத் தடங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை முடித்து வரும் பெண்களின் கைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்து இறுகி, எந்தக் கத்திக்கும் அசையாமல் இருந்தன. ஒட்டகத்தையும் யானையையும்விட அசலான மார்க்கா.

அந்த நூற்றுக்கணக்கான தடங்களில் ஒன்றை அவருக்கு அடையாளம் தெரிந்தது. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்த இடது கை. ஜெயம்மாளின் கை. கல்யாணத்தன்று மோதிரம் போடும்போது அந்த வளைந்த விரலைப் பார்த்து அவர் சிரித்ததும், அவள் முறைத்ததும் ஞாபகம் வந்தது. அவருக்கு நெஞ்சு இளகிப் போயிற்று. நல்ல பலகை இருந்த இடங்களில் அந்தக் கை லேசாகத்தான் பட்டிருந்தது. பலகை இல்லாத சந்துகளுக்கு நேரே மட்டும், இரும்பை நசுக்கிவிடுவதுபோல அழுந்தப் பதிந்திருந்தது.

அவருடைய மனசாட்சி அவரைக் குத்தியது. ஆனால் அதுவும் ஆக்டிங் மனசாட்சிதான். அதன் குத்தலுக்கு உறைப்பு கம்மி. சாமுவேல் ஆபீசுக்குப் போய் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்.

கமிட்டி அதைக் கேட்டுச் சொக்கிப் போயிற்று. "தொழில் நியாயப்படி மார்க்கா யாருதோ சரக்கு அவங்களுது," என்றார் சாகிப். "அதுல மாத்தமே இல்ல."

"உழைக்கும் கரங்களே கட்டும் கரங்கள்," என்றார் உபதேசியார், கண் கலங்கி.

"அந்தப் பொம்பளைங்க மறுக்க மாட்டாங்களே?" என்றார் பிரசிடெண்ட்.

"அவங்களை யாரும் கேக்கப் போறதில்லீங்களே," என்றார் சாமுவேல்.

பிரசிடெண்ட் எழுந்து நின்று அவர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டிலேயே ஆக்டிங் உதிர்ந்துவிட்டது.

கல் நடும் விழா அக்கரையில், கிடங்குகளின் பக்கம் நடந்தது. அதற்கென்று ஒரு மேடை போட்டார்கள். புதுத் தேக்குப் பலகை, ஆள் ஏறினால் 'கிண்'ணென்று நிற்கும். மேடையைக் கட்டுவது யார் என்பதில் தகராறு எதுவும் இல்லாதபடியால், மரத்துக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்துவிட்டது. 'இப்பாலத்தைச் சமைத்த பாட்டாளிப் பெண்களின் கரங்களுக்கு வந்தனம்' என்று கல்லில் பொறித்திருந்தது. பெண்களை வேலையிலிருந்து அழைத்து வந்து வெயிலில் நிறுத்தி, அவர்களைப் பற்றி மூன்று பேர் நிழலில் நின்று பேசினார்கள். ஒருவரும் சுருக்கமாகப் பேசவில்லை.

கடைசியாக மக்பூல் அகமது எழுந்து உத்தரவைப் படித்தார். பாலத்தைக் கட்டியவர்களே உடனடியாகப் பலகை மாற்றிப் பழுதுபார்க்க வேண்டும். தவறினால் பாலத்தில் ஏற்படும் காயங்களுக்கும் சாவுகளுக்கும் அவர்களே ஜவாப்தாரி.

கட்டுப்போட்ட காலோடு முன்வரிசையில் நின்ற முனியம்மா கையை உயர்த்தினாள்.

"துரே, அந்தப் பாலம் நாங்க கட்னதா?"

"ஆமாம்மா. போர்டு தீர்மானம் பண்ணிட்டாங்க."

"கல்லுல எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு."

"அழிஞ்சிடாதே?"

"காலாகாலத்துக்கும் நிக்கும்," என்றார் பிரசிடெண்ட் பெருமையோடு.

"அப்ப சரி," என்றாள் முனியம்மா. திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். ஜெயம்மாள் தலையாட்டினாள். பெண்கள் எல்லாரும் போய்ப் பாலத்து வாயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

விழா முடிந்து பிரமுகர்கள் நடந்து வந்தார்கள். எதிர்க்கரையில் வஹாப் சாகிப் வீட்டில் பிரியாணி தம்மிலிருந்து இறங்கியிருந்தது; காற்று வாகாக அடித்து அந்தச் செய்தியைச் சொன்னது. கீழே கானாற்றில் மலைமழைத் தண்ணீர், கிடங்குக் கழிவையும் சேர்த்துக்கொண்டு கறுப்பாக ஓடியது.

"வழி விடுங்கம்மா," என்றார் பிரசிடெண்ட்.

"எங்க பாலம் ஐயா," என்றாள் முனியம்மா. "பலகை சரியில்ல. நீங்க உளுந்து செத்தா கேஸ் எங்க மேல வரும். உங்க உசுரு எங்களுக்கு முக்கியம்."

"ஏம்மா, பிரியாணி ஆறுது!" என்றார் சாகிப்.

"ஆறட்டும் பாய். உசுரோட இருந்தா சூடு பண்ணிக்கலாம்."

"இதற்கு ஒரு வழி இல்லையா?" என்று தீனமாகக் கேட்டார் உபதேசியார்.

ஜெயம்மாள் மேடையைக் காட்டினாள். "கீது. ஆளுக்கொரு பலகை எடுத்துனு வாங்க. போட்டுனே போலாம்."

தாலுகா போர்டுச் சரித்திரத்தில் அப்படி ஒரு ஊர்வலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன்னால் பிரசிடெண்ட், தலைப்பாகையைச் சும்மாடாக வைத்துத் தேக்குப் பலகையோடு. பின்னால் வஹாப் சாகிப், இரண்டு பலகையோடு; பசி அவருக்குத்தான் ஜாஸ்தி. உபதேசியார் பலகையைத் தோளில் சுமந்து தள்ளாடி வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கைதட்ட வந்தவர்கள் அனைவரும் ஆளுக்கொன்றாக. பெண்கள் வாங்கி வாங்கிப் பரப்பினார்கள். ஆணியை மக்பூல் அகமது தம் கையாலேயே அடித்தார். வெயில் சாய்வதற்குள் மேடை இருந்த இடம் வெறும் தரை. பாலத்தில் ஒரு சந்து இல்லை.

எல்லாருக்கும் கடைசியாகச் சாமுவேல் வந்தார். மேடையில் பலகை தீர்ந்துவிட்டிருந்தது. அவர் கையில் கமிட்டியின் ரிப்போர்ட் மட்டும் இருந்தது. ஜெயம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"பலகை எங்கய்யா?"

"இல்லையே ஜெயம்மா. நான்... நான் உன்னைத்தான் பெருமைப்படுத்தி எழுதியிருக்கேன்," என்றார் அவர் அவசரமாக. "ஊரே மெச்சுது. அத்தினி கைத்தடத்துலயும் உன் கையைப் பாத்த உடனே கண்டுபுடிச்சுட்டேன் தெரியுமா? அந்த வளைஞ்ச விரலு. வேற எவனுக்குக் கண்ணு இருக்கும் அப்படி?"

உண்மைதான். நூற்றுக்கணக்கான தடங்களில் மனைவியின் ஒரு கையைப் பிரித்தறிந்த கூர்மையான கண் அது. அதன் பெருமையைப் பாடத்தான் இந்தப் படலமே எழுந்தது. ஜெயம்மாளும் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"கையைக் கண்டுபுடிச்சுட்ட, சரி," என்றாள். "அது எதுக்கு அப்படி இறுக்கிப் புடிச்சுதுன்னு கண்டுபுடிக்கலயா?"